மலைமேல் ஒரு ராத்திரி, தனியாக: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் தனியாக மலை ஏறி, ராத்திரி மேலேயே டென்ட் போட்டுத் தங்க ஆசை. சீத்வெயிட்டில் கிளம்பி, அன்றைக்கே ஸ்காஃபெல் பைக் ஏறி, மறுநாள் லாங்டேலில் இறங்கலாம் என்று திட்டம். சரி வருமா? இப்படித் தங்குவது சட்டப்படி தப்பா? (வாசகி, லெஸ்டர்)

பதில்: சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். அங்கே மலைக்கும் சொந்தக்காரர் உண்டு, அவர் அனுமதி இல்லாமல் தங்க உங்களுக்கு உரிமை கிடையாது. இங்கிலாந்தில் தென்மேற்கே இருக்கிற டார்ட்மூர் மேட்டுநிலம் மட்டும் விதிவிலக்கு. 1985ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே அந்த உரிமையைத் தருகிறது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி பெரும்பாலான இடங்களில் தங்கலாம். லேக் டிஸ்ட்ரிக்டில் நடப்பது இரண்டும் இல்லை, கண்டும் காணாமல் விடும் வழக்கம். பண்ணைகளின் கல்சுவர்களில் கடைசிச் சுவரையும் தாண்டி மேலே போய், பொழுது சாயும்போது சின்ன டென்ட்டாகப் போட்டு, நெருப்பு மூட்டாமல், ஒரே ராத்திரி தங்கி, விடிந்ததும் கிளம்பிவிட்டால் பொதுவாக யாரும் கேட்பதில்லை. யாராவது வந்து கிளம்பச் சொன்னால் வாதாடாமல் கிளம்பிவிடுங்கள். ஏரிக்கரையில் டென்ட் அடித்து, பார்பிக்யூ போட்டு, குப்பையை அப்படியே விட்டுப்போகிற கூட்டத்தால்தான் இந்த வழக்கத்துக்கே ஆபத்து. அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது திட்டத்துக்கு வருவோம். மூட்டையோடு சனிக்கிழமையே ஸ்காஃபெல் பைக் வேண்டாம். இங்கிலாந்திலேயே உயரமான மலை என்றாலும் 978 மீட்டர்தானே, தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லையே என்று தோன்றும். தொட்டபெட்டா உச்சிக்குக் கார் போகிறது. இங்கே சீத்வெயிட் பண்ணையே சுமார் 120 மீட்டரில்தான் இருக்கிறது, மீதி முழுக்கக் காலால்தான் ஏற வேண்டும். உச்சியைச் சுற்றிப் பெரும் பாறைக் குவியல், மேகம் இறங்கிவிட்டால் பாதை எது பாறை எது என்று தெரியாது. காரிடார் ரூட் என்கிற பாதையில் வழி தவறினால் பியர்ஸ் கில் என்ற செங்குத்துப் பிளவில் போய் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. மீட்புக் குழுக்களுக்கு நன்றாகப் பழகிப்போன இடம் அது.

அதற்குப் பதில் ராத்திரிக்கு ஸ்ப்ரிங்க்ளிங் டார்ன் போங்கள். சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலைக்குளம். சீத்வெயிட்டிலிருந்து ஸ்டாக்லி பாலம், ஸ்டைஹெட் டார்ன் வழியாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி இது இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், மூட்டையும் மூச்சு வாங்குவதும் சேர்த்து மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு ஒன்பதே முக்கால் வரை சூரியன் இருக்கும். அதனால் காலையில் ரயிலைப் பிடித்து பென்ரித், அங்கிருந்து கெஸ்விக், அப்புறம் சீத்வெயிட்டுக்குப் பக்கத்து ஊரான சீட்டோலர் வரை பஸ் என்று நிதானமாகப் போய் நாலு மணிக்கு நடக்க ஆரம்பித்தாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். மறுநாள் எஸ்க் ஹாஸ் மேட்டில் நின்று பாருங்கள். உச்சி தெளிவாகத் தெரிந்தால் போய் வாருங்கள், இல்லையென்றால் ஆங்கிள் டார்ன் வழியாக நேரே லாங்டேலுக்கு இறங்கிவிடுங்கள்.

டென்ட்டைத் தண்ணீரை ஒட்டிப் போடாதீர்கள். அங்கே ஈரம் அதிகம், காற்று நின்றால் மிட்ஜ் என்கிற பொடிக் கொசு மொய்த்துவிடும். கொஞ்சம் மேடாக, லேசாகக் காற்று வருகிற இடம் நல்லது. மழைக்கு ஜூன் என்றெல்லாம் தெரியாது. இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர் சீத்வெயிட், வருஷத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர், அதாவது சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்லீப்பிங் பேக்கையும் ஒரு செட் துணியையும் தண்ணீர் புகாத பையில் தனியாகக் கட்டுங்கள், மற்றது நனைந்தால் நனையட்டும்.

கேள்வி: மொபைலில் மேப் இருக்கும்போது காகித மேப் எதற்கு? வீட்டில் வேறு பயப்படுகிறார்கள், என்ன சொல்வது? (அதே வாசகி)

பதில்: குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், மழையில் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவை நிறுவனம்) மேப்பும் திசைகாட்டியும் வாங்கி, வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவிலேயே பழகிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. அதனால் எந்த வழி, எங்கே தங்கல், ஞாயிறு எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். "ஒன்றும் ஆகாது" என்று சமாதானம் சொல்வதைவிட இது அவர்களைத் தூங்கவைக்கும். ஆபத்தென்றால் 999 அழைத்து, போலீஸ் கேட்டு, அப்புறம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்க மாட்டார்கள். போன் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது, மலையில் காலைக்கடன்? (பெயர் வேண்டாம்)

பதில்: எல்லாருக்கும் உள்ள சந்தேகம்தான். தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 30 மீட்டராவது தள்ளிப்போய், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் மூடிவிடுங்கள். பேப்பரும் நாப்கினும் பையில் கட்டி உங்களோடு கீழே வர வேண்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து வருகிறேன். கேஸ் ஸ்டவ் கொண்டுவரலாமா? (வாசகர், சென்னை)

பதில்: கேஸ் டப்பா விமானத்தில் கூடவே கூடாது, கெஸ்விக் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தமான ஸ்டவ் தலையை மட்டும் எடுத்து வரலாம், ஆனால் விமான நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வறுத்த ரவையில் தாளிப்பைக் கலந்து எடுத்துப்போனால் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடத்தில் உப்புமா. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், மேலே எங்காவது ஆடு செத்துக் கிடக்கலாம்.