ராஜமலை மொட்டையா இருக்கே, மரத்தை வெட்டிட்டாங்களா?

கேள்வி: பிப்ரவரி கடைசில குடும்பத்தோட மூணாறு போறோம். இரவிகுளம் தேசியப் பூங்காவுல வரையாடு பாத்துட்டு அப்படியே ஆனைமுடியும் ஏறலாம்னு பிளான். போட்டோல பாத்தா மலையே மொட்டையா இருக்கே, காட்டை அழிச்சிட்டாங்களா?

பதில்: முதல்ல தேதியை மாத்துங்க. வரையாடு குட்டி போடுற சீசன் அது, வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்ல பூங்காவை மூடிருவாங்க. பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும், கூட்டத்தைப் பாத்து மிரண்டு தாய் ஒரு பக்கம் குட்டி ஒரு பக்கம்னு பாறைச் சரிவுல ஓடுனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. திறக்குற தேதியை கேரள வனத்துறை அறிவிப்பாங்க, அதைப் பாத்துட்டு ஏப்ரல்ல போனா குட்டிங்களையும் பாக்கலாம். முதுகுல வெள்ளையா சேணம் போட்ட மாதிரி ஒண்ணு நின்னா அது வயசான கிடா.

ஆனைமுடி 2,695 மீட்டர், ஆனா டூரிஸ்ட் டிக்கெட்ல ஏற விடமாட்டாங்க. 97 சதுர கிலோமீட்டர் பூங்காவுல நமக்குன்னு விட்டிருக்கிறது ராஜமலைப் பக்கம் மட்டும்தான், அதுவும் கீழயே வண்டிய நிறுத்திட்டு அவங்க பஸ்லதான் போகணும். காலையிலேயே போயிருங்க, மஞ்சு இறங்கிட்டா பக்கத்துல நிக்கிற ஆடு கூட தெரியாது.

இப்ப மொட்டை மேட்டருக்கு வரேன். யாரும் வெட்டல சார், அந்தப் புல்வெளி இயற்கையாவே அப்படித்தான். நல்லா உத்துப் பாருங்க, ரெண்டு மேடு சேர்ற மடிப்புல, தண்ணி ஓடுற இடத்துல மட்டும் கரும்பச்சையா குட்டையா மரம் அடைஞ்சு நிக்கும், அதுதான் சோலை. குளிர்காலத்துல ராத்திரி திறந்தவெளி புல்லு மேல உறைபனி விழுதுல்ல, அதுல சோலை மரத்தோட இளங்கன்னு கருகிரும், புல்லு மட்டும் வேர்ல இருந்து திரும்ப துளிர்க்கும், அதனால காடு மடிப்பை விட்டு சுலபமா வெளிய வர முடியாது. விதிவிலக்கு காட்டுப்பூவரசு, சிவப்பா பூத்துக்கிட்டு புல்லு நடுவுல தனியா நிக்கும். மரம் இல்லாத இடம்னா வீண் நிலம்னு நினைச்சுதான் மேற்குத்தொடர்ச்சி மலையில பல புல்வெளில சீகையும் (வாட்டில்ங்கிற வெளிநாட்டு மரம்) யூகலிப்டஸும் நட்டு கெடுத்தாங்க, எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. வரையாட்டுக்கு மேய்ச்சலே அந்தப் புல்லுதானே. இங்க ஊறுற ஓடைல கிழக்க போறது பாம்பாறு வழியா நம்ம அமராவதிக்கே வருது.

குறிஞ்சிக்காகவும் சேத்துத்தான் போறீங்கன்னா 2018ல பூத்துருச்சு, அடுத்தது 2030.