உணர்ச்சியைப் படிக்கும் ரேடார்: மகள் இதைப் படிக்கலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் மகள் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். ஆளைத் தொடாமல், கேமராவும் இல்லாமல், ரேடியோ அலையை வைத்தே ஒருவரின் உணர்ச்சியைக் கண்டறிவதுதான் இறுதியாண்டு புராஜெக்ட், மேற்படிப்பும் அதிலேயே என்று உறுதியாக இருக்கிறார். "இப்படி ஒரு படிப்பு நிஜமாகவே இருக்கிறதா, நாளைக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் 'உணர்ச்சி' என்ற தலைப்பின் கவர்ச்சியை நம்பிப் போக வேண்டாம். அதற்கு அடியில் கிடக்கும் சிக்னல் வேலைதான் அவரைக் காப்பாற்றும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரேடியோ அலை யாருடைய மனதையும் படிப்பதில்லை. ரேடார் அலையை அனுப்பும். அது நெஞ்சில் பட்டுத் திரும்பும். மூச்சு விடும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்கிறது. இதயத் துடிப்பால் வரும் அசைவோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 5 மில்லிமீட்டர். நெஞ்சு கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே திரும்பி வரும் அலையின் ஃபேஸ் (அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) 36 டிகிரி மாறிவிடும். அதே அசைவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றரை டிகிரி மாறினாலே அதிகம். இந்தத் துறையில் மில்லிமீட்டர் அலை ரேடாரை இவ்வளவு பேர் நாடுவது இதனால்தான்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் வருகிறது. மூச்சின் பெரிய அசைவுக்குள் துடிப்பின் சிறிய அசைவைப் பிரித்தெடுப்பது, ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருப்பவரின் கையில் நாடி பார்ப்பது மாதிரி. நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விட்டால் அதன் நான்காவது ஹார்மோனிக், அதாவது நான்கு மடங்கு வேகத்தில் கூடவே வரும் அதிர்வு, சரியாக நிமிடத்துக்கு 60-ல் வந்து உட்காரும். புதிதாக வரும் மாணவர்கள் "இதயத் துடிப்பு 60" என்று சந்தோஷமாகக் காட்டுவது சில நேரம் மூச்சாகவே இருக்கும். 2016-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டீனா கட்டாபியின் குழு செய்த 'ஈக்யூ-ரேடியோ' ஆய்வு இதற்கு அழகான வழி ஒன்றைக் காட்டியது. மூச்சு மெதுவாக மாறும், துடிப்பு வெடுக்கென்று மாறும். அதனால் அசைவை அப்படியே பார்க்காமல் அதன் முடுக்கத்தைப் பார்த்தார்கள். மூச்சு அமுங்கியது, துடிப்பு மேலே வந்தது. அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தைச் சில மில்லிவிநாடிப் பிழையில் அளந்தார்கள். அந்த இடைவெளிகள் கூடிக் குறையும் விதத்திலிருந்தும் மூச்சின் போக்கிலிருந்தும்தான் உணர்ச்சியை ஊகிக்கிறார்கள்.

இனி உங்கள் மகள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம். அந்த ஆய்வில் மகிழ்ச்சி, இன்பம், சோகம், கோபம் என்று நான்கு வகை. ஒருவரின் தரவிலேயே பயிற்சி கொடுத்து அவரையே சோதித்தபோது 87 சதவீதம் சரியாக வந்தது. முன்பின் தெரியாத புதிய ஆளிடம் அது 72 அளவுக்கு இறங்கியது. அதுவும் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம். கோபத்திலும் இதயம் வேகமாக அடிக்கும், குதூகலத்திலும் அடிக்கும், மாடிப்படி ஏறினாலும் அடிக்கும். உடம்பு எவ்வளவு கிளர்ந்திருக்கிறது என்பதை ரேடார் ஓரளவு சொல்லும். அது நல்லதா கெட்டதா என்று பிரிப்பதில்தான் தடுமாறும். ஆகவே 95, 98 சதவீதத் துல்லியம் என்று எங்கே பார்த்தாலும் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பயிற்சியில் இருந்தவர்களையே சோதனையிலும் வைத்தார்களா?

சரி, வேலைக்கு வருவோம். 'உணர்ச்சி அறியும் பொறியாளர்' என்ற பெயரில் வேலை தேடினால் அதிகம் கிடைக்காது. அதே கைத்திறனுக்கு வேறு பெயர்களில் இடம் இருக்கிறது. காரின் பின் இருக்கையில் மறந்து விடப்பட்ட குழந்தையை மூச்சசைவை வைத்தே கண்டுபிடிக்கும் ரேடார்கள் வந்துவிட்டன. 2023 முதல் ஐரோப்பாவில் புதிய கார்களைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பின் பாதுகாப்பு மதிப்பீட்டில் இந்த வசதிக்குப் புள்ளி உண்டு. 2021-ல் வந்த கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் என்ற வீட்டுத் திரைக்கருவி, படுக்கைப் பக்கத்தில் இருந்தபடியே ரேடாரால் தூக்கத்தைக் கணிக்கிறது. முதியவர்கள் கீழே விழுந்தால் கண்டறியும் கருவிகள், வைஃபை அலையை வைத்தே ஆளசைவை அறியும் 'வைஃபை உணர்தல்' என்று மற்ற இடங்களும் உண்டு. எல்லா இடத்திலும் கேட்பது ஒன்றுதான்: இரைச்சலுக்குள் இருந்து உயிரசைவைப் பிரித்தெடுக்கத் தெரியுமா?

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். சில அலைவரிசைகளில் சுவர் தாண்டியும் வேலை செய்யக்கூடிய, ஆளுக்கே தெரியாமல் அளக்கக்கூடிய கருவி இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வேலையிடத்திலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் அமைப்புகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. 'வகுப்பில் மாணவரின் கவனத்தை அளப்பது' போன்ற புராஜெக்டை யாராவது கொடுத்தால் உங்கள் மகள் மறுத்துவிடலாம். அதனால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

படிக்க வேண்டியது: டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங், ஆன்டெனா, நிகழ்தகவு, பைதான். மெஷின் லேர்னிங் இவற்றுக்குப் பிறகு வரட்டும். எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அடித்தளம் இல்லாமல் மாடலை மட்டும் ஓட்டத் தெரிந்தவர் நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்.

புராஜெக்ட் தலைப்பையும் சற்றுச் சுருக்கச் சொல்லுங்கள். இறுதியாண்டுக்கு, அமர்ந்திருக்கும் ஒருவரின் துடிப்பு இடைவெளியை ரேடாரில் எடுத்து, அதே நேரம் எடுத்த ஈசிஜியோடு ஒப்பிட்டுப் பிழையைக் காட்டினால் போதும். உணர்ச்சி மேற்படிப்புக்குக் காத்திருக்கலாம். வழிகாட்டும் பேராசிரியரிடம் மூன்று விஷயம் கேட்கட்டும்: ஆய்வகத்தில் ரேடார் கருவி கையில் இருக்கிறதா, ஒப்பிட ஈசிஜி கிடைக்குமா, மனிதர்களிடம் தரவு எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதியை யார் வாங்குவார்கள். கருவியும் ஈசிஜியும் இல்லை என்றால், பொதுவில் கிடைக்கும் டேட்டாசெட்டை வைத்து இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.