ராயபுரம் சர்வே: ஆல்பா ஏன் இறங்குது?

வணக்கம். சென்னை ராயபுரம், வியாசர்பாடியில் எடுத்த தமிழ் சர்வேயில் பெண்கள் மேல பகைமை அளக்குற பகுதி சரியா வருது, "பாவம், காப்பாத்தணும்" ரகப் பகுதியில் மட்டும் க்ரான்பாக் ஆல்பா (கூற்றுகள் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற எண்) 0.4-தான் வருது, ஏன்னு கேட்டிருந்தீங்க. நீங்க பயன்படுத்துற, இந்த ரெண்டு பகுதியும் உள்ள க்ளிக்–ஃபிஸ்க் 1996 அளவுகோலின் 22 கூற்றில் 3, 6, 7, 13, 18, 21 எதிர்த்திசை, அதாவது ஒத்துக்கிட்டா பாலினப் பாகுபாடு கம்மின்னு அர்த்தம். 3, 6, 13 உங்க சிக்கல் பகுதியோடது. எதிர்த்திசைக் கூற்றுகளோட மதிப்பெண்ணை 5-லிருந்து கழிச்சீங்களா? 0–5க்குப் பதிலா 1–6னு பதிஞ்சிருந்தா 7-லிருந்து.

கழிச்சும் ஏறலைன்னா மொழிபெயர்ப்புதான். "வெள்ளத்துல பெண்களை முதல்ல மீட்கணும்னு அவசியமில்லை" – இதுக்கு "உடன்பாடில்லை"ன்னு டிக் அடிக்க ரெண்டு 'இல்லை'யைத் தாண்டணும். பலர் மாத்தி அடிப்பாங்க. பத்துப் பேரை அதைச் சொந்த வார்த்தையில சொல்லச் சொல்லுங்க. இதே அளவுகோலை வெச்சு 2000-ல் வந்த 19 நாட்டு ஆய்விலேயே எதிர்த்திசைக் கூற்றுகளை விட்டுட்டாங்க. நீங்களும் அந்த ஆறையும் எடுத்துட்டு ஆல்பா பாருங்க. மாமியார் பக்கத்துல இருக்க வாசிச்சுக் கேட்ட படிவங்களைத் தனியா வைங்க; அவங்க முன்னாடி மனசுல உள்ளதைச் சொல்லாம இருந்திருக்கலாம்.