பிளிங்கரையும் பல்சரையும் பக்கத்தில் வைத்தால் காலம் 6 உள்ள அலைவி ஆகிவிடுமா?

கான்வேயின் கேம் ஆஃப் லைஃபைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? கட்டம் போட்ட பலகையில் ஒவ்வொரு கட்டமும் அடுத்த தலைமுறையில் உயிரோடிருக்குமா இல்லையா என்பதைச் சுற்றியுள்ள எட்டு கட்டங்களில் உயிருள்ள அண்டைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கும் விளையாட்டு அது. சில தலைமுறைக்குப் பின் அதே இடத்தில் பழையபடி ஆகும் வடிவம் அலைவி; அதற்கு ஆகும் தலைமுறைகளின் எண்ணிக்கை அதன் காலம். பிளிங்கரும் பல்சரும் அப்படிப்பட்ட அலைவிகள். இதே இடத்தில் நானும் பல நாள் நின்றிருக்கிறேன். பலகை முழுவதும் பழையபடி ஆக எத்தனை தலைமுறை என்று எண்ணும் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். காலம் 2 உள்ள பிளிங்கரையும் காலம் 3 உள்ள பல்சரையும் ஒன்றையொன்று பாதிக்காத தூரத்தில் போட்டதும் 6 என்றது. கணக்கு சரி. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சொந்தக் காலத்தைக் கண்டுபிடித்து நிறம் தீட்டினேன். மாறும் கட்டங்களில் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3. ஆறின் நிறம் எங்குமே இல்லை! இப்படிப்பட்டதை 'டிரிவியல்', அதாவது அற்பமான, அலைவி என்று தனியே ஒதுக்குகிறார்கள். குறைந்தது ஒரு கட்டமாவது முழு 6 தலைமுறையும் எடுத்துக்கொண்டால்தான் அதை உண்மையான காலம் 6 என்று நான் சொல்வேன்.

பிளிங்கரையே உற்றுப் பாருங்கள். வரிசையாக மூன்று கட்டங்கள். முனைகளுக்கு ஒரே ஒரு அண்டை, அதனால் சாகின்றன. நடுவில் இருப்பதற்கு இரண்டு, அது பிழைக்கிறது. அதன் மேலும் கீழும் உள்ள வெற்றுக் கட்டங்களுக்கு மும்மூன்று அண்டை, அங்கே புதிதாகப் பிறக்கின்றன. படுத்திருந்த கோடு எழுந்து நிற்கிறது. மாறும் நான்கு கட்டங்களும் ரோட்டார், எப்போதும் உயிரோடிருக்கும் நடுக்கட்டம் ஸ்டேட்டர். மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் சொல்லும் அதே சொற்கள்தான், ஆனால் இங்கே ரோட்டார் சுழல வேண்டியதில்லை.

ஒரே தலைமுறையில் அதே வடிவம் திரும்பி நிற்கிறதே, காலம் 1 என்று சொல்லக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். திருப்பிப் பார்த்தால் பொருந்தும் கணக்குக்கு 'மாட்' என்று வேறு சொல் இருக்கிறது. காலம் என்றால் அதே இடத்தில் அதே கட்டங்கள். கிளைடர் என்ற சின்ன வடிவம் 4 தலைமுறையில் பழைய வடிவத்துக்கு வந்தாலும் குறுக்காக ஒரு கட்டம் நகர்ந்துவிடுகிறது, எனவே அது அலைவி இல்லை, ஸ்பேஸ்ஷிப் என்ற நகரும் வகை.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியம். லைஃபில் எல்லாக் காலங்களுக்கும் அலைவி உண்டு என்று 2023இல்தான் உறுதியானது. கடைசியாக மிஞ்சியிருந்தவை 19உம் 41உம். இரண்டும் பகா எண்கள், சின்னக் காலங்களைப் பக்கத்தில் வைத்து அவற்றைக் கொண்டுவரவே முடியாது.

உங்கள் நிரலிலும் கட்டம் கட்டமாக எண்ணிப் பாருங்கள். பிளிங்கரின் நடுக்கட்டத்துக்கு 1 என்று வந்தால் சரியாக எண்ணுகிறது.