கெமிஸ்ட்ரியிலிருந்து தப்பிக்க மைக்ரோபயாலஜியா?

வணக்கம் அம்மா. "கெமிஸ்ட்ரி பிடிக்கவில்லை, மைக்ரோபயாலஜி எடுக்கிறேன், நுண்ணுயிர்கள் மருந்து செய்யும் விதத்தை ஆராயப் போகிறேன்" என்று மகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலை. எனக்கு அந்த முதல் இரண்டு வார்த்தைகள்தான் உறுத்துகின்றன.

எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்கொள்வோம். அதைத் தயாரிப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அதற்குள் மூன்று ராட்சதப் புரதங்கள், அவற்றில் வரிசையாக ஆறு பகுதிகள். மூன்று கார்பன் கொண்ட ஒரு துண்டில் வேலை தொடங்கும். ஒவ்வொரு பகுதியும் இன்னொரு துண்டை ஒட்டி, வேண்டிய மாற்றத்தைச் செய்து, அடுத்ததிடம் தள்ளிவிடும். ஏழு துண்டுகள், 21 கார்பன். கடைசியில் ஒரு நொதி சங்கிலியை வளையமாக மூடிக் கழற்றிவிடும். அப்புறம் ஆக்ஸிஜன் சேர்க்க, சர்க்கரை ஒட்ட வேறு நொதிகள். இதே மூலக்கூறை ஆய்வகத்தில் உருவாக்க நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் வுட்வர்டின் குழு பல ஆண்டுகள் உழைத்தது. 1981இல் முடிவு வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. கட்டுரையில் ஏறத்தாழ ஐம்பது பெயர்கள்!

அதாவது இந்தத் துறையில் பாக்டீரியாவே ஒரு கெமிஸ்ட். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தெரியாமல் அது செய்வதைப் படிக்க முடியாது. கொஞ்சம் புரோகிராமிங்கும் வேண்டும். ஒரு மருந்துக்கான ஜீன்கள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்திலேயே இருப்பதால், இப்போது அவற்றைக் கணினியில்தான் முதலில் தேடுகிறார்கள்.

வேலை உண்டு. இளநிலைப் பட்டத்தோடு நொதித்தல் ஆலைகளிலும் தரக்கட்டுப்பாட்டிலும் சேரலாம். புதிய மூலக்கூறு தேடுவது, நொதியை மாற்றியமைப்பது போன்றவற்றுக்கு முதுநிலை போதாது, பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு சுமார் பத்து வருடம். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள். பட்டத்தின் பெயர் பயோகெமிஸ்ட்ரியா பயோடெக்னாலஜியா என்பது அவ்வளவு முக்கியமில்லை. மூலக்கூறுகளின் எடையை அளந்து அவற்றை அடையாளம் காண உதவும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியை மாணவர்கள் தொட விடுகிறார்களா என்று கல்லூரியில் கேளுங்கள்.

சரி, மகளுக்குப் பிடிக்காதது கெமிஸ்ட்ரியா, வினைகளை மனப்பாடம் செய்வதா? எரித்ரோமைசினின் அமைப்புப் படத்தை அவளிடம் கொடுத்து, அந்த ஏழு துண்டுகளையும் பென்சிலால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நேரம் அதோடு உட்கார்ந்தாள் என்று எழுதுங்கள், பாடப்பிரிவை அப்புறம் பேசுவோம்.