தாத்தா வீட்டு பீரோவில் ரிவால்வர்

கேள்வி: ஐயா, நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் புதுக்கோட்டை பக்கம் அப்பா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருப்பது வழக்கம். தோப்புக்குள் தனி வீடு என்பதால் அப்பா லைசென்ஸ் எடுத்து ஒரு .32 ரிவால்வர் வைத்திருக்கிறார். போன வருடம் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். கோயில் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி, அப்பா அதைக் கார் டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு இறங்கினார். மிட்டாய் தேடிப்போன மகன் அதைத் திறந்து, "தாத்தா, இது நெர்ஃப் கன்னா?" (ஸ்பாஞ்சுக் குண்டு அடிக்கும் பொம்மைத் துப்பாக்கி) என்று கேட்டான். எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. வீட்டில் இருக்கும்போது பீரோவில் வேட்டிகளுக்கு அடியில், தோட்டாவோடு, தோல் உறைக்குள் கிடக்கும். பீரோ சாவி சாமி அறை ஆணியில் தொங்கும். ஏதாவது சொன்னால், "இத்தனை வருஷமா வச்சிருக்கேன், எனக்கே பாடமா?" என்கிறார். இந்த டிசம்பருக்கு என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: சகோதரி, உங்கள் அப்பா சட்டத்தில் பாதியைச் சரியாகவே கடைப்பிடித்திருக்கிறார். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்பது இந்தியாவின் 2016 ஆயுத விதிகளில் உள்ளது. அப்படியானால் அந்த நேரத்தில் அது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. கார் டேஷ்போர்டு அதற்கு இடமே இல்லை. அந்தப் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிடலாம். பல கார்களில் பூட்டே கிடையாது. கோயிலுக்குப் போகிறோம் என்பது காலையில் குளிக்கும்போதே தெரியும். வேண்டாம் என்ற முடிவையும் வீட்டிலேயே எடுத்திருக்க வேண்டும்.

உங்கள் மகன் கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். சிங்கப்பூர்ப் பிள்ளை வேறு என்ன கேட்பான்? அவன் கையில் எடுத்த துப்பாக்கி எல்லாமே தண்ணீரையோ ஸ்பாஞ்சையோதான் அடித்திருக்கும். நிஜத்தை அவன் பார்த்தது போலீஸ்காரர் இடுப்பில் மட்டும். "சொல்லி வைத்தால் தொடமாட்டான்" என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில், அட்லாண்டாவில் நடத்திய ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். அங்கே ஒரு இழுப்பறைக்குள் தோட்டா இல்லாத நிஜக் கைத்துப்பாக்கி இருந்தது. 48 பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா என்று தெரியாமல் விழித்தார்கள். கையில் எடுத்தவர்களிலும் விசையை இழுத்தவர்களிலும் பெரும்பாலோர், துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது போன்ற புத்திமதியை ஏற்கெனவே கேட்டவர்கள்!

ஆகவே ஒளித்து வைப்பதை மறந்துவிடுங்கள். வேட்டிக்கு அடியில் கிடப்பது பெரியவர்களுக்குத்தான் மறைவு. மத்தியானம் வீடே தூங்கும்போது பீரோவைக் குடைந்து பார்ப்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். நாமும் அப்படித்தானே தாத்தாவின் மூக்குப்பொடி டப்பாவைக் கண்டுபிடித்தோம்.

துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு சிறிய இரும்புப் பெட்டகம் வேண்டும். நகையும் பத்திரமும் அதில் வேண்டாம். நகை இருந்தால் கல்யாணம், காதுகுத்து என்று ஆளாளுக்குத் திறப்பார்கள். பெட்டகத்தின் உள்பக்கத்திலிருந்து போல்ட் போட்டு கான்கிரீட் சுவரில் முடுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் திருடன் பெட்டகத்தோடு தூக்கிக்கொண்டு போவான். எண் பூட்டு என்றால் பேரன் பிறந்த தேதி கூடாது. முதலில் அதைத்தான் பேரன் அழுத்துவான். சாவி என்றால் அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருக்கட்டும். அம்மாவிடம்கூட வேண்டாம், ஏனென்றால் லைசென்ஸ் அப்பா ஒருவர் பெயரில்தான் இருக்கிறது.

உள்ளே வைப்பதற்கு முன் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து எண்ண வேண்டும். தோட்டா இருந்த காலி அறைகள் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். திறந்த நிலையிலேயே கேபிள் பூட்டை (கம்பிக் கயிறு உள்ள பூட்டு) குழல் வழியாகக் கோத்துப் பூட்டிவிட்டால், பெட்டகம் திறந்தே கிடந்தாலும் துப்பாக்கியை மூடிச் சுட முடியாது. தோட்டாக்கள் வேறு பூட்டுக்குள் போக வேண்டும். அந்தத் தோல் உறையை அப்பா கழற்றியே ஆக வேண்டும். தோல் ஈரத்தை உறிஞ்சும், ஐப்பசி கார்த்திகை மழையில் இரும்பு துருப்பிடிக்கும். லேசாக எண்ணெய் துடைத்து, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டால் போதும். (புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதுதான்.)

இதையெல்லாம் விடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, நான் உங்களுக்குச் சொல்வதும் அதைத்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்களிடம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்வார்கள். உங்கள் அப்பாவும் அப்படிச் செய்திருப்பார். நீங்கள் இருக்கும் மூன்று வாரமும் அதேபோல், பாதுகாப்பில் வைக்க உரிமம் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைக்கட்டும். ரசீதில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

"பத்திரமா வைங்கப்பா" என்று சொன்னால் அது அவருக்குப் பாடம் நடத்துவதுபோல்தான் கேட்கும். "எலெக்ஷனுக்காகக் கொடுத்து வைக்கிறீங்கள்ல, பேரப்பிள்ளைங்களுக்காக மூணு வாரம் கொடுத்து வைங்கப்பா" என்று கேளுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே கேளுங்கள். போய் இறங்கியபின் கேட்டால் அது சண்டை. "திருடன் வந்தா?" என்பார். நீங்கள், மாப்பிள்ளை, பிள்ளைகள், பார்க்க வரும் சொந்தபந்தம் என்று டிசம்பரில் அந்த வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கும். எந்தத் திருடனும் வரமாட்டான்.

உங்கள் கணவர் இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செய்தவராக இருந்தால் அவரையும் பேச விடுங்கள். ஆர்ம்ஸ்கோட்டில் (முகாமின் துப்பாக்கிக் கிடங்கில்) கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கியை எடுத்ததும், திருப்பிக் கொடுக்கும்வரை கண்ணை விட்டு அகலாமல் வைத்திருந்ததும், சுடும் திடலை விட்டுக் கிளம்புமுன் "என்னிடம் தோட்டாவோ காலிக் கூடோ இல்லை" என்று உரக்கச் சொன்னதும் அவருக்கு மறந்திருக்காது. எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் மறக்கவில்லை. மருமகன் தன் அனுபவமாகச் சொன்னால் மாமனாருக்கு அது கதை, உபதேசம் இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தாத்தா வீட்டில் காலித் தோட்டாக் கூடு ஏதாவது கிடந்தால் உங்கள் மகன் அதை நண்பர்களிடம் காட்ட எடுத்துக்கொள்வான். இங்கே சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. காலிக் கூடுதானே என்று திருச்சி விமான நிலையத்திலோ சாங்கியிலோ ஸ்கேனர் முன்னால் நின்று விளக்கம் சொல்லும் நிலைமை உங்களுக்கு வேண்டாம். கிளம்புகிற அன்று காலையில் அவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். சாக்ஸுக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள்.