மிஷன் பயணத்தில் அனாதை இல்லத்துக்குப் போவதால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா?

கேள்வி இது: சபையின் வாலிபர் குழு பத்து நாள் ஊழியப் பயணமாக ஓர் அனாதை இல்லத்துக்குப் போகிறது. பிள்ளைகளோடு விளையாடுவது, பாட்டும் வேதக் கதையும் சொல்லிக்கொடுப்பது, ஜெபிப்பது என்று திட்டம். அதனால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, போகலாமா?

பிள்ளைகளோடு பழகிவிட்டு வருவது மட்டும்தான் நோக்கம் என்றால், போக வேண்டாம் என்பேன். அங்கே வேலை பார்க்கிற பெரியவர்களுக்குக் கைகொடுக்கப் போகிறீர்கள், இல்லத்தையும் நன்றாக விசாரித்துத்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால் போகலாம். நானும் சபையில் வளர்ந்தவன்தான். இப்படி ஓர் இல்லத்தில் வார்டனாக இருந்திருக்கிறேன். குழுக்களை வாசலில் நின்று வரவேற்றதும், அவர்கள் கிளம்பிய பிறகு பிள்ளைகளைத் தூங்க வைத்ததும் என் வேலை. அதனால் உள்ளே இருந்தவன் பார்த்ததைச் சொல்கிறேன்.

வண்டி வந்து நின்றதும் சின்னப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். வந்தவர்களுக்குக் கண் கலங்கிவிடும். ஊர் திரும்பிச் சபையில் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும்போது, "பார்த்த ஐந்து நிமிஷத்தில் என்னோடு ஒட்டிக்கொண்டாள்" என்பது தவறாமல் வரும். வார்டனுக்கு அதுதான் கவலை. வீட்டில் வளர்கிற மூன்று வயதுக் குழந்தை புது ஆளைக் கண்டால் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். அப்படி ஒளிந்துகொள்ள ஆள் இல்லாத குழந்தைதான் யார் வந்தாலும் ஓடி வரும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. ஒரே ஆளின் தொடர்ந்த பராமரிப்பு சிறு பிள்ளைக்கு எவ்வளவு அவசியம் என்று 1951லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் அறிக்கை எழுதிவிட்டார். 2000க்குப் பிறகு ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, எல்லோரையும் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் மனிதர்களோடு ஒட்டுவதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாக. பிள்ளைக்கு வேண்டியது நிலையாக இருக்கிற ஒருவர். மாதத்துக்கு ஒரு குழு வந்து கொஞ்சிவிட்டுப் போவது அதற்கு நேர் எதிரான பழக்கம்.

குழு போன மறுநாள் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். படுக்கையை நனைப்பது, காரணமில்லாத சண்டை, புதுப் பொம்மைக்காக அடிதடி. சமையல் அக்காவின் பேச்சை ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அவர் பரிசு கொண்டுவருகிறவர் இல்லை, பல் தேய்க்கச் சொல்கிறவர். சற்றுப் பெரிய பையன் ஒருவன் வருகிறவர்களின் பெயரைக் கேட்பதையே நிறுத்திவிட்டான். "என்ன கொண்டு வந்தீங்க" என்று மட்டும் கேட்பான். அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், பலருக்குத் தெரியாத விஷயம்: அனாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ, சிலருக்கு இருவருமே உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, பள்ளிக்கூடம் இல்லாமை, நோய் இவற்றால் வந்து சேர்ந்தவர்கள். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அப்படிக் கூடவில்லை. கூடியது வெளிநாட்டுப் பணமும் பார்வையாளர்களும். பார்க்க ஆள் வருகிறது, பணம் வருகிறது என்றால் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரவும் ஆள் இருப்பார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017ல் நவீன அடிமைமுறை பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்த அனாதை இல்லக் கடத்தலுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும், இல்லங்களில் தன்னார்வப் பயணங்களால் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

சபையில் இதைச் சொன்னால் யாக்கோபு 1:27ஐ எடுத்துக் காட்டுவார்கள். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொன்ன வசனம் உண்மைதான். ஆனால் அதே வசனத்தில் விதவைகளும் இருக்கிறார்கள். அந்த விதவையின் பிள்ளை அவளோடேயே இருக்கும்படி உதவினால் வசனம் முழுதாக நிறைவேறுமே! ஜார்ஜ் முல்லரையும் சொல்வார்கள். அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836ல் தொடங்கிய அனாதை இல்ல வேலையை 1898ல் சாகும்வரை விடவில்லை. பத்து நாள் பயணத்துக்கு அவர் உதாரணம் ஆக மாட்டார்.

சரி, இல்லத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். போலீஸ் சரிபார்ப்பு, பரிந்துரைக் கடிதம், குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து என்று ஒன்றுமே கேட்காமல் "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்கிற இல்லத்துக்குப் போகாதீர்கள். உங்களை உள்ளே விட்டது போலத்தான் மற்றவர்களையும் விடுவார்கள். பிறகு நீங்கள் கேளுங்கள்: அரசுப் பதிவு உண்டா, எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்கள் எப்போது வந்து பார்க்கிறார்கள், போன வருஷம் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். கடைசிக் கேள்விக்கு "யாருமில்லை" என்றால் இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள்.

போனால் செய்ய வேலை நிறைய இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைச் சீர்படுத்தலாம், ஒழுகும் கூரையையும் அடைத்துக்கொண்ட கழிப்பறையையும் சரி செய்யலாம், துணி துவைக்கலாம். உங்கள் குழுவில் நர்ஸோ ஆசிரியரோ இருந்தால் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பிள்ளைக்கு அதைச் செய்யப்போவது ஊழியர்தான். அவர்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. அடுப்படி வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் சமையல் அக்கா பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை பேசலாம். ஆக்‌ஷன் சாங்கை (கை அசைத்து நடித்துப் பாடும் பாட்டு) ஊழியருக்குக் கற்றுக்கொடுத்து அவரையே நடத்த விடுங்கள், நீங்கள் பின்வரிசையில் நின்று கை தட்டுங்கள். ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்காதீர்கள். இது எல்லோருக்கும் பொது, போதகருக்கும்.

ஒரு சங்கடமான விஷயம். கூட்டத்தின் முடிவில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்" என்றால் எல்லாப் பிள்ளைகளும் உயர்த்துவார்கள். போன குழுவுக்கும் உயர்த்தினார்கள். சாப்பாடும் படுக்கையும் யாரிடமிருந்து வருகிறதோ அவர்கள் கேட்டால் பிள்ளை மறுக்காது. அந்த எண்ணிக்கையை அறிக்கையில் போட்டுச் சபைக்குக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள், அது போதும். முகம் தெரியும் புகைப்படங்களும் அப்படித்தான். உங்கள் வீட்டுப் பிள்ளையின் படத்தை "கைவிடப்பட்டவள்" என்று எழுதி யாராவது போட்டால் விடுவீர்களா?

டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் தலைவரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள்: எல்லோருடைய பயணச் செலவில் ஒரு பகுதியையாவது, பிள்ளைகளைப் பெற்றோரிடமே வைத்துப் படிக்க வைக்கும் வேலைக்குக் கொடுக்க முடியுமா என்று. டிக்கெட் போட்டாயிற்று என்றால், போன அன்றைக்கே எந்தத் தேதியில் கிளம்புவீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நிச்சயமில்லாமல் "மறுபடியும் வருவேன்" என்று சொல்ல வேண்டாம். பரிசுகளை நீங்கள் கையில் கொடுக்காமல் வார்டனிடம் ஒப்படையுங்கள். எதை யாருக்கு எப்போது கொடுப்பது என்று அவருக்குத் தெரியும்.